விமானக் கண்ணாடியில் பசைக்கறை: தின்னரை ஏன் தொடக்கூடாது

ராமநாதபுரம் அரண்மனைக்குப் பின்பக்கச் சந்தில் என் கூட்டாளி ஒருவர் போர்டு கடை வைத்திருக்கிறார். ராமேஸ்வரத்து லாட்ஜுகளுக்கு இரவில் ஒளிரும் எழுத்துகள் செய்து கொடுப்பது அவர் தொழில். அக்ரிலிக் ஷீட்டை வெட்டி, இரண்டு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திப் பிடிப்பார். ஆஸ்பத்திரி சிரிஞ்சில் கொஞ்சம் குளோரோஃபார்ம் எடுத்து, இரண்டும் சேருகிற இடுக்கில் ஒரு கோடு விடுவார். திரி எண்ணெயை இழுப்பதுபோல இடுக்கு அதை இழுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் அசையாமல் பிடித்தால் போதும், பிறகு கையால் பிரிக்க முடியாது.

முதல் தடவை பார்த்தபோது கேட்டேன்: “பசை எங்கண்ணே?”

“பசை எதுக்கு? ரெண்டு பக்கமும் கொஞ்சம் கரைஞ்சு ஒன்னோட ஒன்னு கலந்துருதுல்ல.”

பல வருஷம் விமானப் பராமரிப்பில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய எனக்கு இந்தப் பதில் புதிதல்ல. ஆனால் இவ்வளவு சுருக்கமாக எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. விமானி தலைக்கு மேல் கண்ணாடிபோல இருக்கும் மூடியான கேனபியும் பெரும்பாலும் இதே அக்ரிலிக்தான். அதில் ஒட்டிய டேப் பசையை எடுக்கிறேன் என்று கரைப்பான் பாட்டிலைத் திறப்பவர், பசையைக் கரைக்கிறாரா கேனபியைக் கரைக்கிறாரா என்பதுதான் இங்கே கேள்வி.

எங்கள் கரையில் இது வேற்றூர்ச் சமாச்சாரமில்லை. உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது. 2009இல் அதற்கு ஐஎன்எஸ் பருந்து என்று பேர் வைத்தார்கள். வலை காயப்போடும் ஆட்கள்கூடத் தலை நிமிராமலே சத்தத்தை வைத்து டோர்னியர் விமானமா ஹெலிகாப்டரா என்று சொல்லிவிடுவார்கள். சேத்தக் ஹெலிகாப்டரின் மூக்கைக் கிட்டத்தில் பார்த்திருந்தால் தெரியும், முன்பக்கம் ஏறக்குறைய முழுக்கவே கண்ணாடிபோல இருக்கும். நாம் பழக்கத்தில் கண்ணாடி என்கிறோம், உண்மையில் பிளாஸ்டிக். இந்தப் பேச்சுவழக்குதான் பாதிக் கேட்டுக்குக் காரணம். கண்ணாடி என்று நினைத்தால் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயைத்தானே கை தேடும்.

அக்ரிலிக் என்பது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். 1930களில் பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற வணிகப் பெயர்களில் வந்தது. எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. விழும் ஒளியில் 92 சதவீதத்தை விட்டுவிடும், சாதாரணக் கண்ணாடி அந்த அளவுக்கு விடாது. சூடாக்கினால் குமிழ் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் கேனபி குண்டடிபட்டு நொறுங்கியபோது அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. அவை உள்ளேயே கிடந்தும் கண் அவற்றை எதிர்க்கவில்லை என்று கவனித்தவர் ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர். 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் அதே பொருளில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அந்த லென்ஸ் ஏழை வீட்டுக்கும் கட்டுபடியாகும் விலையில் கிடைக்க, 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை சார்பில் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் தொடங்க வேண்டியிருந்தது. புரை எடுத்த பிறகு என் அப்பத்தா ஊசியில் நூல் கோத்தது அப்படிப்பட்ட ஒரு லென்ஸ் வழியாகத்தான். தன் கண்ணுக்குள் இருப்பது விமானக் கண்ணாடிக்குச் சொந்தக்காரப் பொருள் என்று சொன்னபோது, “அப்ப ஏன்டா பறக்க முடியல?” என்றார்.

உடம்புக்குள் சாதுவாக இருக்கிற இந்தப் பொருள், சில திரவங்களைக் கண்டால் மட்டும் சுருண்டுவிடும்.

கேனபியில் பசை எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டும் மாஸ்கிங் டேப், புது ஷீட்டின் மேல் வரும் பாதுகாப்புக் காகிதம், வெயிலுக்காக உட்புறம் ஒட்டிய படலம், எச்சரிக்கை ஸ்டிக்கர். ஒட்டிய அன்றே உரித்தால் எதுவும் தொந்தரவு தராது. சித்திரை வெயிலில் நாலு நாள் கிடந்தால் கதை வேறு. பசை சூட்டில் இளகி, மேற்பரப்பின் ஒவ்வொரு சிறு பள்ளத்திலும் இறங்கி உட்காரும். சூரியனின் புறஊதாக் கதிர் பசையின் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து இறுக்கும். உரித்தால் டேப்பின் முதுகு மட்டும் கையோடு வரும், பசை அங்கேயே நிற்கும்.

அந்தப் பசையில் இரண்டு சாதி. மாஸ்கிங் டேப்பில் பெரும்பாலும் ரப்பர் பசை, அதாவது ரப்பரும் ஒட்டுப் பிசினும் கலந்தது. தரமான ஸ்டிக்கர்களிலும் படலங்களிலும் இருப்பது அக்ரிலிக் பசை. பேரைக் கவனியுங்கள், கேனபிக்கும் பசைக்கும் குடும்பப் பேர் ஒன்று.

இனி நம் வீட்டு அடுப்படிக்கு வருவோம். பலாப்பழம் அறுக்க உட்காருகிறவர் முதலில் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். பலாப்பால் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது, எண்ணெய்க்கு அசையும். கடற்கரையில் ஒதுங்கும் தார் உருண்டையை மிதித்துவிட்ட பிள்ளையின் காலை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பதும் இதே வித்தைதான். ஒரு பொருளின் குணத்துக்கு நெருங்கிய குணமுள்ள திரவம்தான் அதைக் கரைக்கும். வேதியியலில் இதற்குக் கரைதிறன் எண் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். இரண்டு பொருளின் எண்கள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு எளிதாக ஒன்றில் ஒன்று கரையும். இயற்கை ரப்பருக்கு ஏறக்குறைய 17, பெட்ரோலியக் கரைப்பானான ஹெக்சேனுக்கு 15. அக்ரிலிக்குக்கு 19, குளோரோஃபார்முக்கும் 19. டொலுயீனுக்கு 18, அசிட்டோனுக்கு 20. தண்ணீர் எங்கோ தூரத்தில் 48இல் நிற்கிறது.

கடையில் விற்கும் தின்னரில் டொலுயீனும் அசிட்டோன் மாதிரியான சரக்குகளும் கலந்திருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோன்தான். ஆக, தின்னர் தொட்ட துணி பசையை நன்றாகவே எடுக்கும், கூடவே கேனபியின் தோலையும் எடுக்கும். ஹெக்சேன், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நாப்தா போன்ற அலிஃபாட்டிக் ஹைட்ரோகார்பன்கள், அதாவது டொலுயீன் குடும்பம் சேராதவை, ரப்பர் பசையை இளக்கும், ஆனால் அக்ரிலிக்குக்கு எட்டத்தில் நிற்கும். நமக்கு இருக்கிற இடைவெளி அவ்வளவுதான். பாதுகாப்புக் காகிதம் பழசாகி உரிய மறுத்தால் அலிஃபாட்டிக் நாப்தாவில் நனைத்து உரித்துவிட்டு, உடனே நல்ல தண்ணீரில் கழுவு என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டிகள் சொல்வது இந்த இடைவெளியை நம்பித்தான்.

பெட்ரோலும் ஹைட்ரோகார்பன்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். டூவீலர் மெக்கானிக் எதைத் துடைப்பதற்கும் பெட்ரோலைத்தான் எடுக்கிறார், நியாயமான கேள்வி. பெட்ரோலில் நாப்தா வகை மட்டும் இல்லை, டொலுயீன் குடும்பமும் கணிசமாக இருக்கிறது. போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். இரண்டுமே அக்ரிலிக்குக்கு ஆகாது. ரேஷன் மண்ணெண்ணெயிலும் அந்தக் குடும்பம் கொஞ்சம் உண்டு, நீலச் சாயம் வேறு. பிள்ளையின் காலுக்குச் சரி, விமானத்துக்கு வேண்டாம்.

ஆனால் எண்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஸ்பிரிட்டில் இருக்கும் எத்தனாலின் எண் 26, அக்ரிலிக்கைவிட ரொம்பத் தள்ளி. மேசையில் சும்மா கிடக்கும் அக்ரிலிக் துண்டின் மேல் ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தால் ஒன்றும் ஆகாததுபோலத்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான், “நான் எத்தனையோ தடவை ஸ்பிரிட்ல தொடைச்சிருக்கேன், ஒன்னும் ஆகல” என்கிறார்கள். கேனபி மேசையில் சும்மா கிடக்கும் துண்டு அல்ல. அது இழுபட்டு நிற்கிறது.

ஏன் இழுபடுகிறது? அலுமினியச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சூட்டுக்கு அக்ரிலிக் அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத்தில் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் அலுமினியம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக நீளும், அக்ரிலிக் 2 மில்லிமீட்டருக்கு மேல். அதற்காகத்தான் துளையைப் போல்ட்டைவிடப் பெரிதாகப் போடுகிறார்கள். யாரோ ஒருவர் போல்ட்டைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிட்டாலும், துளை போட்டபோது சூடேறி இறுகிப்போயிருந்தாலும் அந்த ஓரத்தில் நிரந்தரமாக ஒரு இழுவிசை தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. கரைப்பான் அங்கே போய்ச் சேரும்போதுதான் தெரியும். இழுபட்ட இடத்தில் மூலக்கூறுகளுக்கு இடையே திரவம் புகுந்து பிடியைத் தளர்த்தும். மயிரிழை போன்ற விரிசல்கள் வரிசையாக விழும். விமானக் கொட்டகையான ஹேங்கரில் இதற்குக் கிரேஸிங் என்று பேர். நேராகப் பார்த்தால் இருக்காது, தலையைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிக் கம்பிபோல மின்னும்.

இதைக் கூட்டாளியின் கடையிலேயே செய்து பார்த்தோம். 3 மில்லிமீட்டர் ஷீட்டில் ஒரு சாண் நீளப் பட்டைகள் சில வெட்டி, ஒவ்வொன்றின் ஒரு முனையை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கினோம். வெளியே நீட்டிய முனையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டதும் பட்டை வில்போல வளைந்தது. மேசை விளிம்புக்கு நேர் மேலே, இழுவிசை அதிகமான இடத்தில், ஒரு பஞ்சுத் துணுக்கு. முதல் பட்டையில் தின்னர். பஞ்சை வைத்துவிட்டு இரண்டாவது பட்டைக்குத் திரும்புவதற்குள் ‘டக்’ என்று சத்தம், பாட்டில் தரையில். ஸ்பிரிட் வைத்ததில் உடையவில்லை. சில நிமிடங்களில் பஞ்சின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடுகள் குறுக்கே கிளம்பின. போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது மழைக்கால இரவில் ரோட்டில் தெரியும் தூறல்போல அத்தனையும் மின்னின. தேங்காய் எண்ணெய் வைத்த பட்டை கடை அடைக்கும்வரை அப்படியே இருந்தது. வெறும் பாட்டில் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அக்ரிலிக்கின் மேல் படும் திரவங்களைச் சோதிக்க ஏஎஸ்டிஎம் எஃப்484 என்று ஒரு தர முறையே இருக்கிறது. அதிலும் பட்டையை இப்படி ஒரு முனையில் பிடித்து, மறுமுனையில் எடை தொங்கவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் இருந்த காலம், எந்த ஊர் ஹேங்கர் என்பது வேண்டாம். கேனபி ஓரத்து மாஸ்கிங் டேப்பை ஒரு வாரம் கழித்து உரிக்கச் சொன்னார்கள். பசை நின்றுவிட்டது. பெயின்ட் பிரஷ் கழுவும் டப்பாவில் துணியை நனைத்து ஒரே இழுப்பு. பளிச்சென்று வந்தது. “பரவாயில்லையே தம்பி” என்று மேஸ்திரி முதுகில் தட்டிவிட்டும் போனார். அடுத்த நாள் காலையில் விமானத்தை வெயிலில் இழுத்துவிட்டபோது மூன்று போல்ட் துளைகளைச் சுற்றி வெள்ளிக் கீற்றுகள். துடைத்தபோது நன்றாக இருந்தது என்பதுதான் இந்தச் சேதத்தின் குணம். உடனே காட்டிவிட்டால் நாலு விரல் அகலத்தோடு கையை எடுத்திருப்பேன். அது ஒரு ராத்திரி பொறுத்து, குளிரில் அக்ரிலிக் சுருங்கிச் சட்டத்தோடு இழுபடும்வரை காத்திருந்து காட்டியது.

நம் கரையில் இன்னொரு எதிரி உண்டு, அதைப் பசைக்கு முன்னால் கவனிக்க வேண்டும். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் உப்பு வரும், மணலும் வரும். மணல் குவார்ட்ஸ், கடினத்தில் கண்ணாடியையே கீறும். அக்ரிலிக் கண்ணாடியைவிட எவ்வளவோ மெத்து, சிப்பித் தூள்கூட அதைக் கீறிவிடும். டேப்பின் ஓரத்தில் நின்ற பசையை உற்றுப் பார்த்தால் பொரி உருண்டைபோல மணல் பதித்து வைத்திருக்கும். அதை அப்படியே துணியால் தேய்ப்பதும் எமரி காகிதத்தால் தேய்ப்பதும் ஒன்றுதான். கீறல் சின்ன விஷயமில்லையா என்றால், சாயங்காலம் மேற்கே பார்த்துப் பறக்கும் விமானியைக் கேட்க வேண்டும். தாழ்ந்த சூரியன் ஒவ்வொரு கீறலிலும் பற்றிக்கொள்ளும், எதிரே இருப்பது மறையும்.

அதனால் முதல் வேலை தண்ணீர். சோப்பு போடுவதற்கு முன்பே நல்ல தண்ணீரை ஓடவிட்டு உப்பைக் கரைத்து, தூசியை அடித்துப் போகவிடு என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் மெக்கானிக் கையேட்டில் இருக்கிறது. ‘நல்ல’ என்ற சொல்லை ராமநாதபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீர் காய்ந்தால் பக்கெட்டின் உள்பக்கமே வெள்ளை பூத்துவிடுகிறது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் எதற்கு? காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். கேனபிக்கு இரண்டு பக்கெட் செலவழிக்க மனசு வராதவர் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

தண்ணீர் ஓடும்போது வெறுங்கையால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு. துணிக்குத் தெரியாத மணல் விரல் நுனிக்குத் தெரியும். மேற்பரப்பு வழுவழுவென்று ஆகும்வரை துணிக்கு வேலையில்லை.

நேரம் முக்கியம். வெயிலில் நின்ற கேனபியைத் தொடக்கூடாது. நிழலில் இழுத்து ஆறவிட்டு, சாயங்காலம் செய்வது நல்லது. டேப் இன்னும் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, பின்பக்கமாக மடித்து, மேற்பரப்போடு ஒட்டினாற்போல் மெல்ல இழுக்க வேண்டும். வெடுக்கென்று மேலே தூக்கினால் பசை பிரிந்து தங்கிவிடும். தங்கியதில் பாதியைக் கட்டைவிரல் சதையாலேயே உருட்டி எடுக்கலாம், நகம் படாமல். சப்பாத்தி மாவு கையிலிருந்து உருண்டு வருவதுபோலத் திரியாக வரும். இன்னொரு வழி, புது டேப் துண்டின் ஒட்டும் பக்கத்தைப் பசையின் மேல் ஒற்றி ஒற்றி எடுப்பது. பசைக்குப் பசை மேல்தான் ஆசை அதிகம். பிளேடு, ஸ்கிராப்பர், பழைய ஏடிஎம் கார்டு எதுவும் கிட்டவே வரக்கூடாது.

இதற்கும் மிஞ்சிய மெல்லிய பிசுக்குக்குத்தான் நாப்தா, அதுவும் அந்த விமானத்தின் பராமரிப்புக் கையேடு அனுமதித்தால். கேனபியில் மேல்பூச்சு இருக்கலாம், அக்ரிலிக் அல்லாமல் பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். அதற்கு விதிகள் வேறு. நாப்தாவைக் கேனபியில் ஊற்றாமல் துணியில் தொட வேண்டும், சொட்டாத அளவுக்கு. பிசுக்கின் மேல் ஒற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் விரலால் உருட்ட வேண்டும். போல்ட் துளை, ஓரத்து ரப்பர் சீல் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அங்கே இறங்கினால் வெளியே வராது. நாப்தா பெட்ரோலைப் போலவே தீப்பிடிக்கும் என்பதால் கதவைத் திறந்துவைத்து, பக்கத்தில் வெல்டிங் வேலை இல்லாத நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். அக்ரிலிக் பசையாக இருந்து நாப்தாவுக்கு மசியவில்லை என்றால் அடுத்த பாட்டிலுக்குப் போகாதீர்கள், அடுத்த நாளுக்குப் போங்கள். வெதுவெதுப்பான ஈரத்துணி, விரல், புது டேப், இதே சுற்று. எனக்குத் தெரிந்து ஒரு உள்ளங்கை அகல ஸ்டிக்கர் தடத்துக்கு மூன்று சாயங்காலம் ஆகியிருக்கிறது.

முடிந்ததும் உடனே மென்மையான சோப்புத் தண்ணீர், அதன் பின் நிறைய நல்ல தண்ணீர். துடைப்பது சுத்தமான ஈர மைக்ரோஃபைபரால், நேர்கோட்டில். வட்டமாகத் தேய்த்து விழுந்த கீறல் எந்தப் பக்கம் வெயில் வந்தாலும் வளையம் காட்டும். காய்ந்த துணியால் தேய்க்கவே கூடாது. நிலைமின்சாரம் ஏறி, தலைசீவிய சீப்பு காகிதத்தை இழுப்பதுபோல ஊர்த் தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும், அடுத்த தடவை துடைக்கும்போது அந்தத் தூசியே கீறும்.

கடைசியாக ஒரு பார்வை. இருட்டிய பிறகு டார்ச்சைக் கேனபியோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு போல்ட் துளையையும் சுற்றிவர வேண்டும். மறுநாள் வெயில் ஏறி இறங்கிய பிறகு அதே துளைகளை மறுபடி, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. வெள்ளிக் கீற்று ஒன்று தெரிந்தாலும் பாலிஷ் போட்டு மறைக்க வேண்டாம். எந்தத் துளை, எத்தனை கீற்று, எவ்வளவு நீளம் என்று லாக் புத்தகத்தில் எழுதி, சான்றளிக்கும் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எதைத் தொட்டுத் துடைத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த மூன்று துளைகளுக்காக என்னிடம் முதலில் கேட்டதும் அதைத்தான்: “தம்பி, எந்த டப்பா?”